பிக்கப் டிரக் பாஷை: விளம்பரத்தையும் கதவோர ஸ்டிக்கரையும் படிப்பது எப்படி

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் தேடும் நண்பர்கள் எனக்கு விளம்பரத்தை அனுப்பிவிட்டு முதலில் கேட்பது, “அண்ணா, இது என்ன பாஷை?” என்பதுதான். அப்படி வரும் விளம்பரம் பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்:

“2016 எஃப்-150 எக்ஸ்.எல்.டி ஸ்க்ரூ, ஷார்ட் பெட், 5.0, 4×4, 3.55 ஈ-லாக்கர், லெவல்ட் ஆன் 35ஸ், டோ பேக்கேஜ், கிளீன் டைட்டில், ஓ.பி.ஓ.”

ஹாஃப்-டன் டிரக்கில் டிராவல் டிரெய்லரை (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டியை) கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவன் நான். என்னைக் கேட்டால், இந்தச் சொற்களில் பல அலங்காரம், சில சௌகரியம், ஐந்தாறு மட்டும் உயிர் விஷயம். அந்த ஐந்தாறும் எடையைப் பற்றியவை. விளம்பரத்தில் அவை ஒன்றுகூட இருக்காது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால்தான் கண்ணில் படும். அதனால் முதலில் விளம்பரத்தை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துவிடுவோம். பிறகு கதவருகே போய்ச் சாவகாசமாக நிற்போம்.

டன் கணக்கு

எஃப்-150, சில்வராடோ 1500, சியரா 1500, ராம் 1500, டன்ட்ரா எல்லாம் ‘ஹாஃப்-டன்’. 250, 2500 என்று வந்தால் ‘த்ரீ-குவார்ட்டர் டன்’. 350, 3500 என்றால் ‘ஒன்-டன்’. பின்னிரண்டு வகைக்கும் பொதுப்பெயர் எச்.டி, அதாவது ஹெவி டியூட்டி. ஒரு காலத்தில் இவை நிஜமாகவே வண்டி சுமக்கும் எடையைச் சொன்னன: 1,000 பவுண்டு, 1,500 பவுண்டு, 2,000 பவுண்டு. இன்றைக்கு ஹாஃப்-டன் வண்டிகளே 1,500, 2,000 பவுண்டு சுமக்கின்றன. பெயர் வகையைக் காட்ட மட்டும்தான். பெயரை வைத்து எடைக் கணக்குப் போட வேண்டாம்.

எஃப்-150 பிறந்ததே எடைக் கணக்கில்தான். 1975 மாடலாக ஃபோர்டு அதைக் கொண்டுவந்தபோது, மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்குக் கீழே இருந்த டிரக்குகளுக்குப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகியிருந்தன. எஃப்-100-க்கும் எஃப்-250-க்கும் நடுவே, அந்த வரம்பைச் சற்றே தாண்டி நின்ற வண்டி இது. அந்நாளில் இதற்கு ‘ஹெவி ஹாஃப்’ என்று பெயர்.

கேபினும் பெட்டும்

‘ஸ்க்ரூ’ என்றால் சூப்பர் க்ரூ. ஃபோர்டின் எஃப்-150-இல் நான்கு முழுக் கதவும், பெரியவர்கள் கால் நீட்டி உட்காரும் பின்சீட்டும் உள்ள கேபின். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகச் சொல்வதானால் க்ரூ கேப். அதற்குக் கீழே பின்சீட்டு குறுகலான எக்ஸ்டெண்டட் கேப், அதற்கும் கீழே ஒரே வரிசை சீட்டு உள்ள ரெகுலர் கேப்.

கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறுவதால் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ராமில் ‘குவாட் கேப்’ என்பது நான்கு கதவு இருந்தும் பின்சீட்டு குறுகலான வகை. அதற்கு மேலே க்ரூ கேப், எச்.டி-யில் அதற்கும் மேலே மெகா கேப். டொயோட்டாவில் டகோமாவின் ‘டபுள் கேப்’ பெரிய கேபின். ஆனால் டன்ட்ராவில் அதே ‘டபுள் கேப்’ சின்னது. அங்கே பெரியதன் பெயர் க்ரூமேக்ஸ். குழந்தைகளுக்குக் கார் சீட் போடுகிறவர்கள் பெயரை நம்பாமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பாருங்கள்.

பெட் என்பது பின்னால் இருக்கும் திறந்த தொட்டி. க்ரூ கேப் ஹாஃப்-டன்னில் ‘ஷார்ட் பெட்’ என்றால் ஏறக்குறைய ஐந்தரை அடி. ‘ஸ்டாண்டர்ட்’ ஆறரை அடி, ‘லாங்’ எட்டு அடி. எச்.டி வண்டிகளில் ஷார்ட் என்று சொல்வதே ஏறக்குறைய ஆறரை அடி இருக்கும். இரண்டையும் சேர்த்து நான்கெழுத்தில் எழுதுவார்கள்: சி.சி.எஸ்.பி என்றால் க்ரூ கேப் ஷார்ட் பெட், ஆர்.சி.எல்.பி என்றால் ரெகுலர் கேப் லாங் பெட், இ.சி.எஸ்.பி என்றால் எக்ஸ்டெண்டட் கேப் ஷார்ட் பெட். நாலுக்கு எட்டு பிளைவுட் பலகையைத் தொட்டியின் பின்கதவை மூடி எடுத்துப்போக எட்டடிதான் வேண்டும். ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பின்முனையில் அல்லாமல் தொட்டிக்குள்ளேயே மாட்டும் பெரிய டிரெய்லர்) இழுக்க நினைக்கிறவர்களும் பெட் நீளத்தைக் கவனிக்க வேண்டும். குட்டைத் தொட்டியில் ஒடித்துத் திருப்பும்போது டிரெய்லரின் மூலை கேபினின் பின்கண்ணாடியில் வந்து மோதும். அதைத் தவிர்க்கத்தான் ‘ஸ்லைடர் ஹிட்ச்’ என்ற ஒன்று விற்கிறார்கள். ஹிட்ச் என்பது டிரெய்லரை டிரக்கோடு மாட்டும் இணைப்பு.

எஸ்.ஆர்.டபிள்யூ, டி.ஆர்.டபிள்யூ: பின் ஆக்சிலில் பக்கத்துக்கு ஒரு சக்கரமா, இரண்டா என்பது. இரண்டு இருந்தால் ‘டூவலி’. பெரிய டிரெய்லருக்கு டூவலி மாதிரி நிதானம் வேறு எதிலும் கிடையாது. ஆனால் டிரைவ்-த்ரூவிலும் பார்க்கிங்கிலும் அதன் அகலத்தோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டும்.

எக்ஸ்.எல்.டி என்பது வசதிப் படி. ஃபோர்டில் எக்ஸ்.எல் அடிமட்டம், பிறகு எக்ஸ்.எல்.டி, லேரியட் என்று ஏறும். ஷெவ்ரலேயில் டபிள்யூ.டி என்பது வொர்க் டிரக், மேலே எல்.டி, எல்.டி.இசட். எஃப்.எக்ஸ்4, இசட்71, டி.ஆர்.டி ஆஃப்-ரோடு இவையெல்லாம் கரடுமுரடுப் பாதைக்கான பேக்கேஜ்கள். வசதி ஏற ஏற வண்டியின் சொந்த எடை ஏறும், சுமக்கும் திறன் இறங்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

4×4, லாக்கர்

இந்த வண்டிகளில் டேஷ்போர்டில் ஒரு திருகு இருக்கும்: 2எச், 4எச், 4எல். 2எச் அன்றாட ஓட்டத்துக்கு. பின்சக்கரம் மட்டும் இழுக்கும். 4எச்-இல் நான்கு சக்கரமும் இழுக்கும்; பனி, சேறு, சரளைக்கு. 4எல் மிக மெதுவாக, மிக அதிக இழுவிசையோடு நகர்வதற்கு. ஈரமான படகுத்துறைச் சரிவில் படகை மேலே இழுக்கும்போது இதன் அருமை தெரியும். சில வண்டிகளில் 4ஏ என்று ஒன்றும் உண்டு. தேவைப்படும்போது முன்சக்கரத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். 4எச், 4எல் இரண்டையும் காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். இரண்டு ஆக்சிலும் பூட்டப்பட்டிருப்பதால் அந்த முறுக்கு முழுவதும் கியர்கள் மேல் விழும்.

4×4 என்று பேர் இருந்தாலும் வழுக்கும் இடத்தில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு சக்கரம்தான் வீணாகச் சுற்றும். அதற்கு மருந்துதான் லாக்கர். ‘ஈ-லாக்கர்’ என்றால் பட்டன் தட்டினால் பின் ஆக்சிலின் இரு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். எல்.எஸ்.டி, அதாவது லிமிடெட் ஸ்லிப், பாதி வேலையைத் தானாகச் செய்யும். ஜி.எம் (ஷெவ்ரலே, ஜி.எம்.சி) வண்டி வைத்திருப்பவர்கள் ‘ஜி80 இருக்கா?’ என்று கேட்பார்கள். ஒரு சக்கரம் மற்றதைவிட வெகு வேகமாகச் சுழன்றால் தானாகப் பூட்டும் டிஃபரன்ஷியலின் (இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர்பெட்டியின்) ஆர்டர் கோடு அது. பழைய ஜி.எம் வண்டிகளில் இந்தக் கோடுகள் க்ளோவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் வரிசையாக அச்சிட்டிருக்கும்.

எஃப்-150 4×4 ஓட்டிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு எழுத்துக்கூட்டம் தெரிந்திருக்கட்டும்: ஐ.டபிள்யூ.இ. முன்சக்கர மையத்தில் இருக்கும், வேக்குவத்தில் இயங்கும் இணைப்பு. 2எச்-இல் போகும்போது அதை விலக்கி வைத்திருப்பதே வேக்குவம்தான். குழாயில் கசிவு இருந்தால் அது அரைகுறையாகச் சேர்ந்து முன்பக்கம் கரகரவென்று அரைக்கும். ரேடியோவை அணைத்துவிட்டு, ஜன்னலை இறக்கி, ஒரு சுவர் ஓரமாக ஓட்டிக் கேளுங்கள்.

3.55-உம் 35-உம்

விளம்பரத்தில் இந்த இரண்டு எண்ணும் தனித்தனியாக இருக்கும். ஆனால் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

3.55 என்பது பின் ஆக்சிலின் கியர் விகிதம். சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ்ஷாஃப்ட் (இன்ஜின் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வரும் தண்டு) 3.55 சுற்று சுற்ற வேண்டும். எண் பெரிதானால் இழுவை கூடும்; ஹைவேயில் இன்ஜின் சற்று வேகமாகச் சுழலும். 3.31 மைலேஜுக்கு, 3.73 இழுப்புக்கு, 4.10 கனமான இழுப்புக்கு என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. ஜி.எம் கோடில் 3.42-க்கு ஜி.யூ6, 3.73-க்கு ஜி.டி4, 4.10-க்கு ஜி.டி5.

‘35ஸ்’ என்றால் 35 இன்ச் உயர டயர். அந்த எஃப்-150-க்குக் கம்பெனியில் வந்த டயர் அளவு 275/65 ஆர் 18 என்று வைத்துக்கொள்வோம். 275 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 178.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், 357.5 மி.மீ, இன்ச்சில் 14.1. அதோடு 18 இன்ச் ரிம்மைக் கூட்டினால் 32.1. ஆக கம்பெனி டயர் 32 இன்ச். அதை எடுத்துவிட்டு 35 போட்டிருக்கிறார்கள்.

3.55-ஐ 32-ஆல் பெருக்கி 35-ஆல் வகுங்கள்: 3.25. காகிதத்தில் 3.55 என்றாலும் சாலையில் அந்த வண்டி 3.25 கியர் போலத்தான் இழுக்கும். ஸ்பீடோமீட்டரைத் திருத்தவில்லை என்றால் அது 65 மைல் காட்டும்போது நிஜத்தில் 71 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். ஓடோமீட்டரும் குறைத்தே காட்டும். டயரின் கனம் வேறு பிரேக்குக்குக் கூடுதல் வேலை. பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் ஆக்சில் கியரை மாற்ற வேண்டும்; அதைத்தான் ‘ரீ-கியர்’ என்கிறார்கள். 4×4-இல் முன்னும் பின்னும் இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்பதால் செலவு லேசில் முடியாது. டிரெய்லர் இழுக்க டிரக் தேடுகிறவரிடம், 35 போட்ட வண்டி வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பார்க்க கம்பீரமாக இருக்கும், சந்தேகமில்லை.

‘லெவல்ட்’ என்பது இதோடு ஒட்டிக்கொண்டு வருவது. டிரக்குகள் வெறுமனே நிற்கும்போது பின்பக்கம் சற்று உயர்ந்திருக்கும். அதற்கு ‘ரேக்’ என்று பெயர். சுமை ஏறினால் பின்னால் அமுங்கிச் சமமாகட்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். முன்பக்கத்தை இரண்டு இன்ச் போல உயர்த்திச் சமமாக்குவது லெவலிங் கிட். நான்கு பக்கமும் உயர்த்தினால் அது ‘லிஃப்ட்’. முன்னே தூக்கிப் பின்னே இறக்கினால் ‘ஸ்க்வாட்’. ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், டிரைவருக்கு முன்னால் இருப்பது மறையும். நார்த் கரோலினா 2021-இலும், வர்ஜீனியா 2022-இலும், சவுத் கரோலினா 2023-இலும் அதற்குத் தடை கொண்டுவந்தன.

டயரில் இன்னும் சில எழுத்துகள். ஏ.டி என்றால் ஆல் டெரெய்ன், எம்.டி என்றால் மட் டெரெய்ன், எச்.டி (H/T) என்றால் ஹைவே டயர், மேலே சொன்ன ஹெவி டியூட்டி எச்.டி (HD) அல்ல. அளவுக்கு முன்னால் எல்.டி என்றிருந்தால் லைட் டிரக் டயர், ஷெவ்ரலேயின் எல்.டி வசதிப் படிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘லோட் ரேஞ்ச் இ’ என்பதைப் பத்து பிளை என்றும் சொல்வார்கள், 80 பி.எஸ்.ஐ வரை காற்று தாங்கும்.

இன்ஜின் எண்கள்

5.0 என்பது லிட்டர் கணக்கு. ஃபோர்டில் அந்த வி8-க்குச் செல்லப்பெயர் ‘கயோட்டி’. எஃப்-150-க்கு 2011 மாடலில் வந்தது. ‘ஈகோபூஸ்ட்’ என்றால் டர்போ பெட்ரோல். ஜி.எம் வண்டியில் ஏ.எஃப்.எம், டி.எஃப்.எம் என்று பார்த்தால், லேசாகப் போகும்போது சில சிலிண்டர்களை உறங்க வைக்கும் ஏற்பாடு. அந்த இன்ஜின்களில் ‘லிஃப்டர்’ (வால்வுகளைத் தள்ளும் சின்ன உறுப்பு) சத்தம் உண்டா என்று ஆர்வலர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள்.

டீசலில் ஃபோர்டுக்கு பவர் ஸ்ட்ரோக், ராமுக்கு கம்மின்ஸ், ஜி.எம்-க்கு டியூராமேக்ஸ். கம்மின்ஸ் பேச்சில் ‘12-வால்வ்’ என்றால் 1989 முதல் 1998 வரை வந்த 5.9 லிட்டர், அதன் மேல் மக்களுக்குத் தனிப் பிரியம். டியூராமேக்ஸுக்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு கோடு: 2001-இல் எல்.பி7, பிறகு எல்.எல்.ஒய், எல்.பி.இசட், எல்.எம்.எம், எல்.எம்.எல், 2017-இல் எல்5பி. இதில் எல்.பி.இசட் வண்டி இன்றும் நல்ல விலைக்குப் போகும்; டி.பி.எஃப் வருவதற்கு முந்தைய கடைசி டியூராமேக்ஸ் அது.

டி.பி.எஃப் என்பது புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர். டி.இ.எஃப் என்பது தனி டேங்கில் ஊற்றும் 32.5 சதவீத யூரியாக் கரைசல். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும். ஈ.ஜி.ஆர் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும். விளம்பரத்தில் ‘டெலீட்டட்’ என்று கண்டால் இவற்றைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். மத்திய அரசின் க்ளீன் ஏர் ஆக்ட்படி அது சட்டவிரோதம். அந்த வண்டியின் பக்கமே போகாதீர்கள்.

கதவைத் திறங்கள்

இனி நமக்கு வேண்டிய இடம். டிரைவர் கதவைத் திறந்தால், தூணிலோ கதவின் ஓரத்திலோ இரண்டு ஸ்டிக்கர் இருக்கும். வெள்ளையில் ஜி.வி.டபிள்யூ.ஆர்: கிராஸ் வெஹிக்கிள் வெயிட் ரேட்டிங். வண்டி, எரிபொருள், ஆட்கள், சாமான், ஹிட்ச்சின் மேல் டிரெய்லர் அழுத்தும் எடை எல்லாம் சேர்ந்து தாண்டக் கூடாத வரம்பு. அதன் அருகே ஜி.ஏ.டபிள்யூ.ஆர்: முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனி வரம்பு. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த வரம்பு ஜி.சி.டபிள்யூ.ஆர், அது கம்பெனியின் டோயிங் கைடில் கிடைக்கும்.

மற்றது மஞ்சள் பட்டையோடு இருக்கும் டயர் ஸ்டிக்கர். ‘உள்ளே இருப்பவர்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது’ என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்தான் பேலோடு. அந்த ஒரு வண்டிக்கென்றே, அதில் இருக்கும் சன்ரூஃபையும் லெதர் சீட்டையும் கணக்கில் எடுத்து அச்சிட்டது. முழு டேங்க் எரிபொருள் ஏற்கெனவே கழிந்திருக்கும். டிரைவர் கழிந்திருக்க மாட்டார்.

விற்பவர்கள் பெருமையாகச் சொல்வது டோ ரேட்டிங்கை: “11,000 பவுண்டு இழுக்கும் சார்!” அந்த எண் பொய்யில்லை. எஸ்.ஏ.இ ஜே2807 என்ற தர அளவின்படி சோதித்தது. அரிசோனாவில் டேவிஸ் டேம் அருகே ஸ்டேட் ரூட் 68-இல் உள்ள நீண்ட ஏற்றத்தில், ஏ.சி முழு வேகத்தில் ஓட, இழுத்துக்காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சோதனையில் வண்டியில் இருப்பதாகக் கொள்வது தலைக்கு 150 பவுண்டில் இரண்டே பேர். குடும்பம் கிடையாது, கூலர் பெட்டி கிடையாது.

ஒரு கணக்குப் போடுவோம். மஞ்சள் ஸ்டிக்கரில் 1,480 பவுண்டு. அப்பா, அம்மா, வளர்ந்த இரண்டு பிள்ளைகள்: 570. டிரெய்லர் சாமானோடு 6,500 பவுண்டு. அதன் முன்முனை ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடைக்கு ‘டங் வெயிட்’ என்று பெயர். 10 முதல் 15 சதவீதம் இருந்தால்தான் டிரெய்லர் வாலை ஆட்டாமல் வரும். 12 சதவீதம் என்றால் 780. டபிள்யூ.டி.எச், அதாவது டங் வெயிட்டை முன் ஆக்சிலுக்கும் பகிர்ந்து தரும் ஹிட்ச், அதுவே 90 பவுண்டு. கூட்டினால் 1,440. மிச்சம் 40 பவுண்டு. ஐஸ் நிரப்பிய ஒரு கூலரைப் பெட்டில் வைத்தால் கணக்கு முடிந்தது. 11,000 இழுக்கும் வண்டி 6,500-இலேயே நிறைந்துவிட்டது. ஹாஃப்-டன் வண்டியில் முதலில் தீர்வது அநேகமாக எப்போதும் பேலோடுதான்.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப்பை (ஏர்பேக்) போட்டாலும், கனமான ஸ்பிரிங் போட்டாலும், லோட் ரேஞ்ச் இ டயர் மாட்டினாலும் ஸ்டிக்கரில் உள்ள எண் ஏறாது. வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அப்போ டீசல் 2500 வாங்கிவிடலாமே என்பார்கள். கனமான டீசல் இன்ஜின் முன்னால் உட்கார்ந்திருக்க, பல 2500 வண்டிகளின் ஜி.வி.டபிள்யூ.ஆர் 10,000 பவுண்டிலேயே நிறுத்தப்பட்டிருக்கும். அதனால் வசதி கூடிய டீசல் 2500-இன் பேலோடு, அதே 2500-இன் பெட்ரோல் வண்டியைவிட நிறையக் குறைவாக இருக்கும். சில வண்டிகளில் 2,000 பவுண்டுக்கும் கீழே. ஃபிஃப்த் வீல் டிரெய்லரானால் தொட்டியில் இறங்கும் ‘பின் வெயிட்’ டிரெய்லர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு போல வரும். அதற்குத்தான் 3500-உம் டூவலியும்.

‘டோ பேக்கேஜ்’ என்ற சொல்லையும் இங்கேதான் சரிபார்க்க வேண்டும். வெறும் ஹிட்ச் இருந்தாலே அப்படி எழுதிவிடுகிறார்கள். பம்பருக்குக் கீழே டிரெய்லரின் விளக்குக்கும் பிரேக்குக்கும் மின்சாரம் தரும் 7-பின் சாக்கெட் இருக்கிறதா, டேஷ்போர்டில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்டில் ‘மேக்ஸ் டோ’, ‘எச்.டி.பி.பி’ இரண்டும் வேறு வேறு. பின்னது ஹெவி டியூட்டி பேலோடு பேக்கேஜ், அபூர்வமாகக் கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

மிச்சம் இருப்பவை எளிது. ஓ.பி.ஓ என்றால் பேரத்துக்கு இடமுண்டு. கிளீன் டைட்டில் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல்’ என்று எழுதித் தள்ளிய முத்திரை உரிமைப் பத்திரத்தில் இல்லை. ‘சால்வேஜ்’, ‘ரீபில்ட்’ இருந்தால் உண்டு. நேரில் போகும் முன்பே மஞ்சள் ஸ்டிக்கரின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு, டிரெய்லரைக் கட்டி, குடும்பத்தை ஏற்றி, டேங்க் நிரப்பி, ஹைவே ஓரத்து டிரக் ஸ்டாப்பில் உள்ள ‘கேட் ஸ்கேல்’ (CAT Scale) எடைமேடையில் ஏறுங்கள். எடைச்சீட்டில் மூன்று எடை வரும்: ஸ்டியர், டிரைவ், டிரெய்லர். முதலாவதை முன் ஜி.ஏ.டபிள்யூ.ஆரோடும், இரண்டாவதைப் பின் ஜி.ஏ.டபிள்யூ.ஆரோடும், இரண்டின் கூட்டலை ஜி.வி.டபிள்யூ.ஆரோடும், மொத்தத்தை ஜி.சி.டபிள்யூ.ஆரோடும் ஒப்பிடுங்கள். பிறகு டிரெய்லரைப் பார்க்கிங்கில் கழற்றி வைத்துவிட்டு, ஆட்கள் இறங்காமல், டிரக்கை மட்டும் இன்னொரு தடவை ஏற்றுங்கள். முதல் சீட்டு டபிள்யூ.டி.எச் கம்பிகளை மாட்டாமல் எடுத்ததாக இருந்தால், அதில் உள்ள ஸ்டியர், டிரைவ் கூட்டலிலிருந்து இரண்டாவது சீட்டின் கூட்டலைக் கழித்து வருவது உங்கள் நிஜமான டங் வெயிட்.